பனியைவிடக் குளிர்ந்த கடல்

1974ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அண்டார்ட்டிக்காவின் வெட்டல் கடலில், பனி மூடியிருக்க வேண்டிய இடத்தில் பெரிய திறப்பு ஒன்று விழுந்திருந்தது. உச்சத்தில் அதன் பரப்பு சுமார் இரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய நியூசிலாந்து நாட்டின் அளவு. அதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்தப் பருவத்தில் அங்கே கப்பல் போகாது. பகல் என்பது சில மணி நேர மங்கல் வெளிச்சம்தான், அதையும் பெரும்பாலும் மேகம் மூடிக்கொள்ளும். சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடற்பனி இறுகிக் கிடக்க, நடுவில் மட்டும் நீர் உறையாமல் குளிர்காலம் முழுக்கத் திறந்தே இருந்தது. 1975இலும் அது வந்தது, 1976இலும் வந்தது.

இதைக் கண்டுபிடித்தது நிம்பஸ்-5 என்ற செயற்கைக்கோள். 1972 டிசம்பரில் நாசா ஏவியது. கண்டுபிடித்த கருவியைக் கேமரா என்று சொல்ல முடியாது, அது ஒரு ரேடியோ ரிசீவர். 19.35 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது ஒன்றரை சென்டிமீட்டர் அலைநீளத்தில், பூமியிலிருந்து தானாக வரும் நுண்ணலைகளைக் கேட்டுக்கொண்டே போகும். தன் பங்குக்கு எதையும் அனுப்பாது. இந்த வகைக் கருவியை நுண்ணலைக் கதிர்மானி என்கிறோம்.

கதிர்மானியின் பதிவுகளை வரைபடமாக்கினால் முதலில் பார்ப்பவர் குழம்பிப்போவார். அதில் கடற்பனி சூடாகவும் திறந்த கடல் குளிர்ந்தும் தெரியும். நிலைமையோ நேர் எதிர். துருவக் கடலின் நீர் உறையும் தறுவாயில், மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அதன் மேல் மிதக்கும் பனியின் மேற்பரப்பு குளிர்காலத்தில் மைனஸ் 20, மைனஸ் 30 வரை இறங்கும். ஆனால் கதிர்மானி நீருக்குத் தரும் எண் 130, 140 கெல்வின். பனிக்குத் தருவது 230 கெல்வின் அளவில். நீரின் எண்ணை செல்சியஸுக்கு மாற்றிப் பார்த்தால் மைனஸ் 140 டிகிரிக்குப் பக்கத்தில் வருகிறது. இது கருவிக் கோளாறு அல்ல. துருவப் பனியை விண்ணிலிருந்து அளந்துவரும் ஐம்பதாண்டு வேலை முழுவதும் இந்த முரணை நம்பித்தான் நடக்கிறது.

எல்லாப் பொருள்களும் தங்கள் வெப்பத்துக்கு ஏற்பக் கதிர் வீசுகின்றன. அதில் மிகச் சிறு பங்கு நுண்ணலையாக வெளிவருகிறது. நுண்ணலைப் பகுதியில் ஒரு வசதி உண்டு: கதிரின் வலிமை வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். ஆகவே இத்துறையினர் கதிரின் அளவையே கெல்வினில் சொல்லிவிடுகிறார்கள், ஒளிர்வு வெப்பநிலை என்று அதற்குப் பெயர். அது பொருளின் உண்மையான வெப்பநிலை அல்ல. அந்த வெப்பநிலையை உமிழ்திறன் என்ற இன்னொரு எண்ணால் பெருக்கிக் கிடைப்பது. உமிழ்திறன் 1 என்றால், தன் வெப்பத்துக்குரிய கதிர் முழுவதையும் அந்தப் பொருள் வெளியே விடுகிறது. பளபளப்பான எவர்சில்வர் சொம்பில் வெந்நீரை ஊற்றி, பக்கத்தில் ஒரு மண்சட்டியிலும் அதே வெந்நீரை ஊற்றி, வெப்பக் கேமராவில் பாருங்கள். மண்சட்டி தகதகக்கும், சொம்பு குளிர்ந்தது போல் தெரியும். சொம்பு தன் சூட்டைச் சரியாக வெளிவிடுவதில்லை, அறைச் சுவரின் கதிரைத்தான் பிரதிபலித்துக்கொண்டிருக்கும்.

நுண்ணலைகளுக்குக் கடல் அந்தச் சொம்பு. நீர் மூலக்கூறின் ஒரு முனையில் நேர் மின்னேற்றம், மறு முனையில் எதிர் மின்னேற்றம். திரவ நிலையில் அது சுதந்திரமாகத் திரும்பும், நுண்ணலையின் மின்புலம் இழுக்கும் பக்கமெல்லாம் ஆடும். இதனால் நீர்ப்பரப்பு பாதிக்குப் பாதி கண்ணாடி போல் நடந்துகொள்கிறது. மேலே இருக்கும் கடுங்குளிர் விண்வெளியைத்தான் அது கருவிக்குக் காட்டுகிறது. உமிழ்திறன் பாதிக்கும் கீழே. அதே நீர் உறைந்ததும் மூலக்கூறுகள் கட்டுண்டு நின்றுவிடுகின்றன. புதிதாக உறைந்த கடற்பனியின் உமிழ்திறன் 0.9ஐத் தாண்டிவிடும். 250 கெல்வின் வெப்பநிலையுள்ள பனியை 0.92ஆல் பெருக்கினால் 230. பனிக்கும் நீருக்கும் இடையே கிட்டத்தட்ட நூறு கெல்வின் வேறுபாடு. இதற்குச் சூரிய வெளிச்சம் தேவையில்லை. துருவ மேகங்களும் பெரிதாகக் குறுக்கே நிற்பதில்லை, ஒன்றரை சென்டிமீட்டர் அலைக்கு அவற்றின் நுண்துளிகள் ஏறக்குறைய இல்லாத மாதிரி.

வெட்டல் கடலின் திறப்பு இப்படித்தான் சிக்கியது. பனி நடுவே நீர் திறந்திருக்கும் இடத்துக்கு ரஷ்ய மொழியிலிருந்து வந்த பெயர் போலினியா. இந்தப் போலினியாவுக்கு அடியில் மாட் ரைஸ் என்ற கடலடிக் குன்று இருக்கிறது. ஆழத்தில் கிடக்கும் சற்றே வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீர் அங்கே மேலெழுந்து பனியைக் கரைக்கிறது. மேலே வந்த நீர் குளிர்ந்து கனமாகி அடியில் இறங்க, அந்த இடத்தை நிரப்ப இன்னும் வெதுவெதுப்பான நீர் ஏறுகிறது. சுழற்சி ஒரு முறை தொடங்கிவிட்டால் குளிர்காலம் முழுக்க நிற்காது. 1976க்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு அந்த அளவில் திறப்பு எதுவும் அங்கே காணப்படவில்லை. 2016இலும் 2017இலும் திரும்ப வந்தது, ஆனால் முன்பைவிடச் சிறியது. நிம்பஸ்-5 நான்கைந்து ஆண்டு தாமதமாகப் போயிருந்தால் எழுபதுகளின் போலினியா நடந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. பூமியைப் பற்றி நாம் அறிந்தவற்றில் எவ்வளவு, கருவி போய்ச் சேர்ந்த நாளைப் பொறுத்தது என்று நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நிம்பஸ்-5 கேட்டது ஒரே அலைவரிசை. ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஒரு பகுதியில் எண் சற்றுக் குறைந்தால் அங்கே பாதி நீர், பாதி பனியா? அல்லது முழுக்கப் பனிதான், ஆனால் பழைய பனியா?

பழைய பனி ஏன் வேறுபடுகிறது என்பதை ஒரு துண்டைக் கையில் எடுத்து அறிந்துகொள்ளலாம். கடல்நீர் உறையும்போது உப்பு படிகத்துக்குள் நுழைவதில்லை, சிறு சிறு குழிகளில் அடர்ந்த உப்புநீராக மாட்டிக்கொள்கிறது. இதுதான் முதல் ஆண்டுப் பனி. உப்புநீர்க் குழிகள் இருப்பதால் நுண்ணலை உள்ளே வெகுதூரம் போக முடியாது, வரும் கதிரெல்லாம் மேல்பகுதியிலிருந்தே வருகிறது. ஒரு கோடையைத் தாண்டிப் பிழைத்த பனியில் உருகுநீர் இறங்கி உப்பை அடித்துக்கொண்டு போய்விடும். காலியான குழிகளில் காற்று நிற்கும். அந்தத் துண்டை உருக்கிக் குடிக்கலாம், பெரிதாகக் கரிக்காது. 37 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் எட்டு மில்லிமீட்டர். மில்லிமீட்டர் கணக்கில் உள்ள காற்றுக் குமிழிகள் அந்த அலையைச் சிதறடித்துவிடும். எனவே பழைய பனி 19 கிகாஹெர்ட்ஸைவிட 37இல் மங்கலாகத் தெரியும். புதிய பனியில் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. நீரோ செங்குத்தாக ஆடும் அலைக்கு ஒரு எண்ணும் கிடையாக ஆடும் அலைக்கு வெகு குறைந்த எண்ணும் தரும், இந்த ஆடும் திசைக்கு முனைவாக்கம் என்று பெயர். பனியில் இரண்டும் நெருங்கியே இருக்கும். ஆக, இரண்டு அதிர்வெண், இரண்டு முனைவாக்கம் என்று அளந்தால் நீர், புதுப்பனி, பழம்பனி மூன்றையும் பிரித்துவிடலாம்.

1978 அக்டோபரில் போன நிம்பஸ்-7 இந்த வேலையைத் தொடங்கியது. அதில் ஐந்து அதிர்வெண்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு முனைவாக்கங்கள். மின்சாரப் பற்றாக்குறையால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் இயங்கியது. 1987இல் அமெரிக்க ராணுவத்தின் வானிலைச் செயற்கைக்கோள் ஒன்று அதே வகைக் கருவியோடு ஏறியது. பழையதும் புதியதும் ஒரே வானத்தில் சேர்ந்து இயங்கியது சுமார் ஆறு வாரம் மட்டுமே. அந்த ஆறு வாரத்தில் இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்ததால்தான் 1978 முதல் இன்றுவரை ஒரே தொடராக ஒரு வரைகோடு போட முடிகிறது. இல்லையென்றால் கருவி மாறியதா, பனி மாறியதா என்று இன்றைக்கும் வழக்கு நடந்துகொண்டிருக்கும்.

அந்த வரைகோட்டைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். ஆர்க்டிக் கடற்பனி 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது, பதிவிலேயே மிகக் குறைவு. 1981 முதல் 2010 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டால் செப்டம்பர் பனி பத்தாண்டுக்குச் சுமார் 12 சதவீத வேகத்தில் குறைகிறது. அண்டார்ட்டிக்கா வேறு கதை. 2014இல் அங்கே பனி இரண்டு கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டி உச்சம் தொட்டது, 2023 பிப்ரவரியில் சுமார் 18 லட்சமாக வீழ்ந்து அடிமட்டச் சாதனை படைத்தது. பத்தே ஆண்டுக்குள் இரண்டு முனையையும் தொட்ட இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

34 லட்சம் என்ற எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதைக் கொஞ்சம் மரியாதையோடும் கொஞ்சம் சந்தேகத்தோடும் படிப்பீர்கள். கடலை 25 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் 15 சதவீதத்துக்கு மேல் பனி இருந்தால் அந்தக் கட்டம் முழுவதையும் பனி என்று கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். 625 சதுர கிலோமீட்டர் கட்டத்தில் நூறு சதுர கிலோமீட்டருக்குப் பனி மிதந்தாலும் கணக்கில் விழுவது 625. இது ஏமாற்று வேலை அல்ல. கோடையில் பனி மேல் உருகுநீர் குட்டை குட்டையாகத் தேங்கும், சில மில்லிமீட்டர் நீர் போதும், அடியில் இரண்டு மீட்டர் பனி இருந்தாலும் கதிர்மானிக்கு அது திறந்த கடல்தான். கட்டத்துக்குள் எத்தனை சதவீதம் பனி என்று துல்லியமாகச் சொல்லப் போனால் குட்டைகள் ஏமாற்றிவிடும். 15 சதவீதம் தாண்டியதா இல்லையா என்ற முரட்டுக் கேள்விக்கு மட்டும் நம்பகமான பதில் கிடைக்கிறது. ஆகையால் அதையே கேட்கிறார்கள்.

கருவியின் பார்வையும் கரடுமுரடானது. 19 கிகாஹெர்ட்ஸில் அந்த ராணுவச் செயற்கைக்கோள் ஒரு நேரத்தில் பார்த்தது தரையில் 69க்கு 43 கிலோமீட்டர் நீள்வட்டம். ஆன்டெனாவின் குறுக்களவு அலைநீளத்தைவிட எத்தனை மடங்கு பெரியது என்பதுதான் கூர்மையைத் தீர்மானிக்கிறது, நீண்ட அலைக்குப் பெரிய ஆன்டெனா வேண்டும். ஜப்பான் 2012இல் ஏவிய கருவியில் இரண்டு மீட்டர் ஆன்டெனா. அதன் 89 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பார்வை ஐந்து கிலோமீட்டர் வரை கூர்மையாகிறது. ஆனால் அவ்வளவு குட்டையான அலைக்கு மேகம் மறுபடியும் தொல்லை.

கரையோரங்களில் இன்னொரு வம்பு. நிலமும் பனி போலவே பிரகாசமாக உமிழும். நீள்வட்டத்தின் ஒரு பாதி நிலத்தில் விழுந்தால் கடற்கரை முழுக்கப் பொய்ப் பனி ஒட்டிக்கொள்ளும். காற்றடித்து அலை எழுந்த கடலும், கனமான மேகமும்கூடச் சற்றே பனி மாதிரித் தெரியும். வடிகட்டிகள் இல்லாவிட்டால் பனி இருக்கவே முடியாத கடலிலெல்லாம் கருவி பனி கண்டிருக்கும். எல்லாவற்றையும்விட வேடிக்கை வடதுருவமே. செயற்கைக்கோளின் பாதை துருவத்துக்கு நேர் மேலே போவதில்லை என்பதால், சுற்றிலும் உள்ள பனியை அளந்துவிட்டு நடுவில் ஒரு வட்டத்தை விட்டுவிடுகிறது. நிம்பஸ்-7க்கு அந்தக் குருட்டு வட்டம் கிட்டத்தட்ட 12 லட்சம் சதுர கிலோமீட்டர். பிந்தைய கருவிகளில் 3 லட்சமாகி, பிறகு 29 ஆயிரமாகச் சுருங்கியது. அந்த வட்டத்துக்குள் பனி இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பரப்பைக் கூட்டுகிறார்கள். இதுவரை அந்த அனுமானம் பொய்த்ததில்லை.

பொய்த்தது வேறொன்று. 2009 பிப்ரவரியில் கொலராடோவின் போல்டர் நகரில் உள்ள அமெரிக்கத் தேசிய வெண்பனி, பனிக்கட்டித் தரவு மையத்தின் அன்றாட வரைகோடு மெல்லக் கீழே சரிந்தது. பாதிக் குளிர்காலத்தில், பனி வளரவேண்டிய நேரத்தில். கருவியின் அளவு நாளடைவில் பிசகி, சுமார் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பனியைக் காணாமல் அடித்திருந்தது. இணையத்தில் தினமும் படத்தைப் பார்த்துவந்த வாசகர்கள் சிலரும் அதைக் கண்டுகொண்டார்கள். மையம் வேறொரு செயற்கைக்கோளின் தரவுக்கு மாறியது. 2016 ஏப்ரலிலும் இதே போல இன்னொரு கருவியின் 37 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கெட்டது. 2025 கோடையில் வந்த அச்சுறுத்தல் இயந்திரக் கோளாறே அல்ல. அந்த ராணுவச் செயற்கைக்கோள்களின் தரவை வெளியே தருவதை நிறுத்தப்போவதாக அமெரிக்க அரசு அறிவித்துவிட்டது. பிறகு முடிவு மாறியது. இதற்குள் மையம் ஜப்பானியக் கருவியின் தரவுக்கு மாறும் வேலையைத் துரிதப்படுத்திவிட்டது.

* * *

இதுவரை சொன்னதெல்லாம் காது வைத்துக் கேட்கும் கருவிகள். குரல் கொடுத்து எதிரொலி வாங்கும் கருவிகள் வேறு, அவை ரேடார்கள். இரண்டும் ஒரே நிகழ்ச்சியை நேரெதிராகப் பார்த்த ஒரு வாரத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். அதில் இந்தியாவின் பங்கும் உண்டு.

2009 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஓஷன்சாட்-2இல் ஸ்கேட்டரோமீட்டர் என்ற ரேடார் இருந்தது. கடல்மேல் வீசும் காற்றை அளப்பதற்காக இஸ்ரோ வைத்தது. காற்று கிளப்பும் சிற்றலைகளில் பட்டு 13.5 கிகாஹெர்ட்ஸ் அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று அது பார்க்கும், புயல் கணிப்புக்கு உதவும். செயற்கைக்கோள் துருவம் வழியாகச் சுற்றுவதால் கிரீன்லாந்தும் தினமும் கண்ணில் படும். காற்றைப் பார்க்கப் போன கருவி பனியையும் பார்த்தது.

2012 ஜூலையில் கலிபோர்னியாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் சான் ங்யீம் என்ற விஞ்ஞானி இந்தத் தரவை அலசிக்கொண்டிருந்தார். ஜூலை 12ஆம் தேதியின் படத்தில் கிரீன்லாந்தின் மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் உருகியிருந்தது. ஜூலை 8 அன்று உருகியிருந்த பகுதி சுமார் 40 சதவீதம், நான்கே நாளில் 97 சதவீதம். சாதாரணக் கோடையில் பாதிப் பரப்பு உருகும், அதுவும் தாழ்வான ஓரங்களில். இப்போதோ மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயரமான நடு உச்சியும் ஈரமாகியிருந்தது. ங்யீமின் முதல் எண்ணம், தரவில் ஏதோ பிழை என்பதுதான்.

பிழை என்று ஏன் தோன்றும் என்பதற்கு ரேடாரும் ஈரமும் பழகும் விதத்தைப் பார்க்க வேண்டும். உலர்ந்த வெண்பனி நுண்ணலைக்கு அரைகுறைக் கண்ணாடித் துண்டுகளின் குவியல். அலை பல மீட்டர் ஆழம் வரை இறங்கி, பனிமணிகளிலும் உள்ளே புதைந்த பனிக்கட்டி வரிகளிலும் மோதிச் சிதறித் திரும்பி வரும். வெண்பனியில் நூற்றில் ஒரு பங்கு நீர் சேர்ந்தால் போதும், மணிகளைச் சுற்றி மெல்லிய ஈரப் படலம் படர்ந்து அலையை விழுங்கிவிடும். உள்ளே போன ரேடார் அலை திரும்பாது. பிரகாசமாக இருந்த படம் ஒரே இரவில் கறுத்துவிடும். இதே நேரத்தில் காது வைத்துக் கேட்கும் கதிர்மானி என்ன காணும்? விழுங்கும் பொருள் நன்றாக உமிழவும் செய்யும். சிதறலால் மங்கிக் கிடந்த உலர்பனி, ஈரம் பட்டதும் முழு உமிழ்திறனுக்கு எகிறும். கதிர்மானியில் எண் பல பத்து கெல்வின் துள்ளும். ஒரே உருகல் ஒரு கருவிக்கு இருட்டு, இன்னொன்றுக்கு வெளிச்சம்.

ங்யீமும் அவருடன் வேலை செய்தவர்களும் செய்தது இந்த ஒப்பீடுதான். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் மோட், நியூயார்க்கின் மார்கோ டெடெஸ்கோ இருவரும் ராணுவச் செயற்கைக்கோளின் கதிர்மானித் தரவைப் பார்த்தார்கள், அங்கே எண்கள் எகிறியிருந்தன. நாசாவின் கோடார்ட் மையத்தைச் சேர்ந்த டொரொத்தி ஹால் வேறு செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படங்களில் மேற்பரப்பு வெப்பநிலையைப் பார்த்தார். அதுவும் ஒத்துப்போனது. மூன்று வெவ்வேறு இயற்பியல் வழிகள் ஒரே பதிலைச் சொன்ன பிறகுதான் செய்தி வெளியானது. எனக்கு இதில் பிடித்தது 97 என்ற எண் அல்ல, அந்த நாட்களின் தயக்கம்.

தரையிலும் சாட்சி இருந்தது. ஜூலை 11 அன்று மேற்குக் கிரீன்லாந்தின் காங்கெர்லுசுவாக்கில் வாட்சன் ஆறு உருகுநீரால் புரண்டு வந்து பாலத்தின் ஒரு பகுதியை அடித்துச் சென்றது. பாலத்துக்குப் பக்கத்தில் நின்ற மண்வாரி வண்டி ஒன்று சேற்று நிறத் தண்ணீரில் உருண்டு போகும் காணொளியை இன்றும் பார்க்கலாம். வெப்பக் காற்று ஒரு குடை போலத் தீவின் மேல் கவிந்திருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் பின்னால்தான் புரிந்தது: உச்சியின் மேல் தாழ்வாக நின்ற மெல்லிய மேகங்கள். வெயிலை உள்ளே விடும் அளவுக்கு மெலிந்தவை, தரையின் வெப்பம் தப்பாமல் பிடித்து வைக்கும் அளவுக்குத் தடித்தவை. உச்சியில் தோண்டி எடுத்த பனித்தூணில் இதற்கு முந்தைய பெரிய உருகலின் தடம் 1889ஆம் ஆண்டு அடுக்கில் இருக்கிறது.

உருகிய நீர் எங்கேயும் ஓடிவிடவில்லை என்பது உச்சிப் பகுதியின் விசேஷம். சில அங்குலம் இறங்கி மறுபடி உறைந்து, வெண்பனிக்குள் கட்டியான பனி வரியாகிவிட்டது. உலர்ந்த குளிர்காலத்தில் ரேடாருக்கு அந்த வரி நல்ல எதிரொலிப்பான். கோடையில் உருகி உள்ளே உறையும் கிரீன்லாந்தின் நடுத்தர உயரப் பகுதி, குளிர்காலத்தில் உலகிலேயே மிகப் பிரகாசமான ரேடார் இலக்குகளில் ஒன்று. ஆகவே ஒரு நாள் உருகல் ரேடார் படத்தில் ஒரு நாள் இருட்டாகவும், பிறகு பல ஆண்டுப் பிரகாசமாகவும் எழுதப்படுகிறது.

* * *

ஸ்கேட்டரோமீட்டரின் பார்வையும் மங்கல்தான். பனியாறு நகர்வதைப் பார்க்கக் கூட்டுத் துளை ரேடார் வேண்டும். ஓடும் செயற்கைக்கோளின் பல நிலைகளில் வாங்கிய எதிரொலிகளைச் சேர்த்து, கிலோமீட்டர் கணக்கில் நீளமான ஆன்டெனா இருப்பது போன்ற கூர்மையை அது பெறுகிறது. 1992இல் ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-1 அண்டார்ட்டிக்காவின் ரட்ஃபர்ட் பனியாற்றை ஆறு நாள் இடைவெளியில் இரு முறை படமெடுத்தது. இரு படங்களின் அலைக் கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் நின்ற நிலையை, ஒன்றிலிருந்து ஒன்று கழித்ததில் பனி மேல் வளையம் வளையமாக வரிகள் எழுந்தன. ஒவ்வொரு வரியும் சுமார் 2.8 சென்டிமீட்டர் நகர்வு. மனிதர் ஒருவரும் கால் வைக்காமல், நாளுக்குச் சுமார் ஒரு மீட்டர் ஊரும் பனியாற்றின் வேகம் காகிதத்தில் வந்துவிட்டது. பனி எங்கே தரையை விட்டுக் கடலில் மிதக்கத் தொடங்குகிறது என்பதும் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தால் தெரிந்தது.

ஆனால் ரேடார்ச் செயற்கைக்கோள்கள் வழக்கமாகத் தம் வலப்பக்கம்தான் பார்க்கும். அவற்றின் பாதைச் சாய்வில் அது வடதுருவத்துக்கு வசதி, தென்துருவத்தின் நடுப்பகுதி பார்வையில் விழாது. 1997இல் கனடாவின் ரேடார்சாட்-1ஐ விண்வெளியிலேயே முழுதாகத் திருப்பி இடப்பக்கம் பார்க்க வைத்தார்கள். அண்டார்ட்டிக்காவின் முதல் முழுமையான நுண்கூர்மை ரேடார் வரைபடம் அப்படித்தான் கிடைத்தது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசாரில் இந்தச் சர்க்கஸ் தேவைப்படாது. நாசாவும் இஸ்ரோவும் அதை இடப்பக்கம் பார்க்கும்படியே திட்டமிட்டுவிட்டன. பன்னிரண்டு மீட்டர் ஆன்டெனா, பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை அதே இடம். அதன் 24 சென்டிமீட்டர் அலை வெண்பனியின் மேற்பரப்பு மாற்றங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் குழம்பாது.

பரப்பு தெரிந்தது, நகர்வு தெரிந்தது. தடிமன்தான் இன்னும் பிடிபடாமல் இருக்கிறது. மிதக்கும் பனியில் பத்தில் ஒரு பங்கு நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும். அந்த உயரத்தை ரேடார் உயரமானியால் அளந்து பத்தால் பெருக்கினால் தடிமன், சொல்லக் கேட்க எளிது. 20 சென்டிமீட்டர் தெரிந்தால் பனி இரண்டு மீட்டர். அளவில் ஐந்து சென்டிமீட்டர் பிசகினால் அரை மீட்டர் தவறு. ஐரோப்பாவின் கிரையோசாட் இதற்காகவே கட்டப்பட்டது. 2005 அக்டோபரில் ஏவிய முதலாவது, ராக்கெட் கோளாறால் ஆர்க்டிக்கிலேயே, கிரீன்லாந்துக்கு வடக்கே உள்ள லிங்கன் கடலில் விழுந்தது. அளக்கப்போன இடத்திலேயே போய் முடிந்தது. இரண்டாவதை 2010 ஏப்ரலில் ஏவினார்கள், அது நன்றாக உழைக்கிறது.

சிக்கல் பனியின் மேல் படிந்திருக்கும் வெண்பனி. கிரையோசாட்டின் 13.6 கிகாஹெர்ட்ஸ் அலை உலர்ந்த வெண்பனியைத் துளைத்துச் சென்று கீழே பனிக்கட்டியில் மோதித் திரும்பும் என்று வைத்துக்கொண்டார்கள். துளைக்கும்போது அலை காற்றில் போவதைவிட மெதுவாகப் போகும், வெண்பனியின் எடை பனிப்பாளத்தை அழுத்தியும் வைக்கும். இரண்டையும் திருத்த வெண்பனியின் ஆழம் தெரிந்தாக வேண்டும். அதற்குப் பெரிதும் கைகொடுத்தது, 1954 முதல் 1991 வரை மிதக்கும் பனிப்பாளங்களில் முகாமிட்ட சோவியத் ஆய்வு நிலையங்களின் பதிவு. அங்கிருந்தவர்கள் கயிறு பிடித்தது போல் நேர்கோட்டில் நடந்து, பத்து மீட்டருக்கு ஒரு தடவை அளவுகோலை வெண்பனியில் குத்தி ஆழத்தைக் குறித்துவைத்தார்கள். இருபத்தோராம் நூற்றாண்டின் செயற்கைக்கோள் கணக்கு அந்தக் கோலின் மேல் சாய்ந்து நிற்கிறது. அவர்கள் நடந்தது பல ஆண்டுப் பழம்பனியில். எண்பதுகளின் நடுவில் ஆர்க்டிக்கின் குளிர்காலப் பனியில் மூன்றில் ஒரு பங்கு நான்கு ஆண்டுக்கு மேல் வயதுடையது, இப்போது அது ஐந்து சதவீதத்துக்கும் கீழே. புதுப்பனி தாமதமாக உறைவதால் அதன் மேல் வெண்பனியும் குறைவாகவே சேர்கிறது. ஆகவே முதல் ஆண்டுப் பனிக்குப் பழைய ஆழத்தைப் பாதியாக்கிக்கொள்வது வழக்கமானது. பாதி என்பது ஒரு சமாதானம்தான்.

2019 இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் போலார்ஷ்டெர்ன் கப்பலை ஆர்க்டிக் பனியில் உறையவிட்டு ஓராண்டு மிதக்க வைத்தார்கள். அதில் போனவர்கள் செயற்கைக்கோளின் அதே அலைவரிசையிலும், அதைவிட உயர்ந்த 35 கிகாஹெர்ட்ஸ் அளவிலும் இயங்கும் ஒரு ரேடாரைச் சறுக்குவண்டியில் ஏற்றி, பனிப்பாளத்தின் மேல் இழுத்துக்கொண்டு நடந்தார்கள். எதிரொலி எங்கிருந்து வருகிறது என்பதைப் பக்கத்திலிருந்தே பார்த்துவிடலாம் அல்லவா. பார்த்ததில், கடுங்குளிரில் உலர்ந்து கிடந்த வெண்பனியிலும் எதிரொலி அடியிலிருந்து மட்டும் வரவில்லை. காற்று அடித்து இறுக்கிய மேல்பரப்பும் கணிசமாகத் திருப்பி அனுப்பியது, ஒரு புயல் வந்து வெண்பனியை இடம் மாற்றிப் போட்டதும் அந்தப் பங்கும் மாறியது. ஐரோப்பா அடுத்து அனுப்பவிருக்கும் கிறிஸ்டல் என்ற செயற்கைக்கோளில் இரண்டு அலைவரிசைகளும் இருக்கும். உயர்ந்த அலை மேலே நிற்கும், தாழ்ந்த அலை அடிக்குப் போகும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வெண்பனியின் ஆழம் என்பது திட்டம். தாழ்ந்த அலையும் மேலேயே நின்றுவிடும் நாட்களில் அந்தக் கழித்தலை என்ன செய்வது என்பதில்தான் இப்போது வேலை நடக்கிறது.